பதினேழாவது மீட்டரில் கிடந்த வண்டல்

வேலை பார்க்கிற இடத்தில் எல்லோரும் அவரை மண்தின்னி என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயரில்லை, முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்த்து "என்னய்யா?" என்பார். துளை போட்டு எடுத்த மண்ணில் ஒரு சிட்டிகை கிள்ளி, முன்பல் நடுவில் வைத்துக் கடித்துப் பார்ப்பது அவர் வழக்கம். நறநறவென்றால் வண்டல், வழவழவென்றால் களி. கண்ணுக்கு இரண்டும் ஒரே சாம்பல் நிறம்தான். பல்லை ஏமாற்ற முடியாது என்பார். கல்யாணமாகி முப்பது வருஷமாகியும் அவர் மனைவி இதற்குச் சமாதானமாகவில்லை. "சாப்பிடற வாயா அது? வீட்டுக்குள்ள வரும்போது கொப்புளிச்சுட்டு வாங்க" என்று தினமும் வாசலில் ஒரு சொம்புத் தண்ணீரோடு நிற்பாள்.

அவருடைய வேலையை விளக்குவது சுலபம். பாலமோ கட்டடமோ எழும்புவதற்கு முன்னால் பூமிக்கடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். இரும்புக் குழாயைத் தரையில் இறக்கிச் சுழற்றி மேலே எடுத்தால், குழாய்க்குள் மண் நீளமாக உருண்டு வரும். அதை ஐந்து பள்ளங்கள் உள்ள மரப்பெட்டியில் வரிசை மாறாமல் படுக்க வைப்பார்கள். ஒரு பெட்டிக்கு ஐந்து மீட்டர். முதல் பெட்டி தரைமட்டத்திலிருந்து ஐந்து வரை, இரண்டாவது ஐந்திலிருந்து பத்து வரை, இப்படியே கீழே போகும். பெட்டி எந்த ஆழத்துடையது என்பதைப் பெட்டியின் பக்கவாட்டிலும் மூடியிலும் பெயிண்டால் எழுத வேண்டும். பிறகு அவர் குந்தி உட்கார்ந்து, கடித்து, முகர்ந்து, விரலால் நசுக்கி, எந்த ஆழத்தில் என்ன மண் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் மேலே எல்லாம் எழும்பும்.

அவருக்கு ஒரு தம்பி. ஒன்பது வயது இளையவன். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டதால் அவனுடைய பள்ளிக்கூடத் தாள்களில் எல்லாம் அண்ணன்தான் கையெழுத்துப் போட்டார். அச்சகத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவர்தான். ஆற்று வளைவை ஒட்டிப் புதிதாக ஒரு குடியிருப்பு வந்தபோது தம்பி அங்கே வீடு பார்த்தான். வீட்டுப் பத்திரத்தோடு மண் பரிசோதனை அறிக்கை ஒன்றும் இருந்தது. கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் அண்ணனுடைய கையெழுத்து. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், அந்த இடம் வெறும் புல்வெளியாக இருந்தபோது, வெள்ளம் ஏறுகிற இடமா என்று பார்க்கச் சொல்லி அவர் துளை போட்டு எழுதிய அறிக்கை. மேல்மண்ணில் சமீபத்திய வெள்ளத்தின் தடயம் எதுவும் இல்லை என்று அதில் இருந்தது. தம்பிக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? மறுவாரமே வீட்டை வாங்கிவிட்டான்.

தம்பி மனைவிக்கு மட்டும் அந்த வீடு பிடிக்கவில்லை. குடிபோன அன்று எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது மெதுவாகச் சொன்னாள். "படுத்தா ஆத்துச் சத்தம் காதுக்குள்ள கேக்குது." ஆறு அங்கிருந்து அரை மைல். மண்தின்னி சிரித்துவிட்டார். "அது ஆறு இல்லம்மா, மாடித் தொட்டி மோட்டார்." எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தம்பிதான் கொஞ்சம் எரிச்சலோடு, "அண்ணனே சொல்லிட்டார்ல, இனிமே இந்தப் பேச்சை விடு" என்றான். அவளும் விட்டுவிட்டாள்.

ஏழு வருஷம் கழித்து ஆறு வந்தது. தம்பி அக்கரையில் அச்சகத்தில் இருந்தான், பாலத்தை மூடிவிட்டார்கள். அவன் வீட்டுக்குத் திரும்ப மூன்று நாள் ஆயிற்று. மனைவியையும் ஒன்பது வயது மகளையும் நாலாம் நாள் பார்த்தார்கள். அடையாளம் சொல்லப் பிணவறைக்குள் போனவர் மண்தின்னி. தம்பியை அவர் உள்ளே விடவில்லை. உள்ளே பார்த்ததை அவர் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அன்றிலிருந்து, குழாயைத் திறந்தாலும் சரி, மழை பெய்தாலும் சரி, பேருந்தில் பக்கத்து ஆள் தண்ணீர் பாட்டிலைக் குலுக்கினாலும் சரி, படுத்தால் ஆற்றுச் சத்தம் கேட்கிறது என்று அவள் சொன்ன குரல் கேட்கும். அதைத் தொடர்ந்து அவருடைய சொந்தச் சிரிப்புச் சத்தமும் கேட்கும். சிரிப்புதான் அவருக்குத் தாங்கவில்லை.

தம்பி அந்த வீட்டை விட்டு வரவில்லை. சேற்றை அள்ளிக் கொட்டினான், சுவரைக் கழுவினான், அதற்குமேல் எதையும் தொடவில்லை. கூடத்து மின்விசிறியின் இறக்கைகள் ஊறிப்போய்த் தரையைப் பார்த்து வளைந்து தொங்கின. அதற்கு நேர் கீழே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வான். வேலை, நாற்காலி, தூக்கம். மூன்று வருஷத்துக்கும் மேலாக இப்படி. அண்ணி சமைத்து அனுப்பினால் பாதி திரும்பி வரும். பேசினால் பதில் வரும், அவ்வளவுதான்.

பிறகு அவன் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பிரார்த்தனைக் கூடத்துக்குப் போக ஆரம்பித்தான். அந்தக் கூடத்தை நடத்தியவர் வாரநாளில் செருப்புக்கடை வைத்திருந்தார், விடுமுறை நாளில் வேதம் வாசித்தார். நல்ல மனிதர். எதிரே யார் உட்கார்ந்தாலும் கண் முதலில் அவர்கள் காலுக்குத்தான் போகும், தொழில் அப்படி. அவர்தான் தம்பிக்குப் பிரளயக் கதையை எடுத்துச் சொன்னார். உலகம் முழுவதையும் தண்ணீர் மூடியது, ஒரு குடும்பம் மட்டும் படகில் பிழைத்தது, மூழ்கியவர்களிலும் குழந்தைகள் இருந்தார்கள், அவர்களைக் கடவுள் கைவிடவில்லை, தன்னிடமே வைத்துக்கொண்டார் என்றார். தம்பி அதைப் பிடித்துக்கொண்டான். பிடித்துக்கொண்டான் என்று சொல்வதுகூடக் குறைச்சல், அதில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

ஒரு சாயங்காலம் அவன் அண்ணன் வீட்டுக்கு வந்தான். தானாக வந்து எத்தனையோ மாசமாகியிருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் அந்தப் பழைய அறிக்கை. பரணில் இருந்ததால் தப்பியிருந்தது, ஓரமெல்லாம் ஊறி உப்பியிருந்தது.

"அண்ணா, பிரளயம் நடந்ததுக்கு ஆதாரம் இல்லைன்னு அச்சகத்துல ஒருத்தன் சொல்றான். நான் சொன்னேன், எங்க அண்ணனே கண்டுபிடிச்சு எழுதியிருக்கார்னு. பாரு." விரலை வைத்துக் காட்டினான். "பதினேழாவது மீட்டர்ல, ஒரு முழம் தடிமனுக்குச் சுத்தமான வெள்ள வண்டல். உன் கையெழுத்து. பதினேழு மீட்டர் ஆழம்னா எத்தனை ஆயிரம் வருஷம்?"

"சுமாரா ஒரு பத்தாயிரம் இருக்கும். ஆனா அதை வச்சு—"

"அதான் வேணும். கூடத்துல வந்து நீ பேசணும். அடுத்த மாசம் முதல் விடுமுறை நாள். செருப்புக்கடைக்காரர்கிட்ட சொல்லிட்டேன்."

மண்தின்னி கோயில் குளம் என்று போகிறவரில்லை. ஆனால் தம்பியின் கண்ணில் வெளிச்சம் இருந்தது. "சரிடா, இரண்டு பக்கமும் பார்க்கிறேன். இருக்கிறதைச் சொல்றேன்" என்றார். அன்றைக்குத் தம்பி இரண்டாவது தடவை போட்டுச் சாப்பிட்டான். மனைவி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவர் பார்த்தார்.

ஒரு நோட்டு வாங்கினார். இடது பக்கத்தில் 'உண்டு', வலது பக்கத்தில் 'இல்லை' என்று தலைப்புப் போட்டார். தம்பி தினமும் வேலை முடிந்து நேராக வந்துவிடுவான். இருவரும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சண்டை போடுவார்கள்.

"உலகத்துல பாதி ஜனங்க இந்தக் கதையைச் சொல்றாங்க. பேசிக்கிட்டதே இல்லாத ஜனங்க. எப்படி?" என்பான் தம்பி.

"எழுதிக்கோ, உண்டுல. ஆனா ஜனங்க எல்லாருமே ஆத்தங்கரைலயும் கடற்கரைலயும்தான் குடியிருந்தாங்க. அங்கங்க தண்ணி வந்திருக்கும், அங்கங்க கதையும் வந்திருக்கும்."

"மலை உச்சில கிளிஞ்சல் கிடைக்குதே?"

"கிடைக்குது. பாறைக்குள்ள இறுகிக் கிடக்குது. கடலடி மெதுவா மேல எழும்பி மலையாச்சு. தண்ணி ஏறிப்போய்க் கிளிஞ்சலை வச்சுட்டு வரல." அவர் கையால் மேசையில் அடுக்கிக் காட்டுவார். "இதைக் கேளு. ஒரு அடுக்கு சேறு. அதுக்கு மேல இன்னொரு அடுக்கு. நடுவுல பார்த்தா வெயில்ல காய்ஞ்சு வெடிச்ச வெடிப்பு. ஒரே தண்ணிக்கு அடியில எல்லாம் படிஞ்சிருந்தா, நடுவுல எப்படிக் காயும்?"

தம்பி தலையைச் சொறிவான். "வடிஞ்சு மறுபடி ஏறியிருக்கும்."

"நூறு தடவையா?"

"ஆண்டவனுக்கு அவசரமாண்ணா?"

மனைவிகூடச் சிரித்துவிடுவாள். உண்டு பக்கம் மெலிவாக இருக்கக்கூடாது என்று மண்தின்னி தானே தேடிப் பிடித்து எழுதினார். பனிக்காலம் முடிந்து பனி உருகிக் கடல் உயர்ந்தது, எத்தனையோ கடற்கரைகள் குடியிருப்போடு மூழ்கின, அது நிஜம். பெரிய ஆற்றுச் சமவெளிகளில் பழைய ஊர்களுக்கு மேலே தடிமனான வண்டல் கிடைத்திருக்கிறது, அதுவும் நிஜம். ஆனால் ஒரு ஊர் வண்டலும் இன்னொரு ஊர் வண்டலும் ஒரே காலத்தவை இல்லை. நடுவில் நூற்றாண்டுகள் இடைவெளி. துருவப் பனியில் வருஷத்துக்கு ஓர் அடுக்காக எண்ணிக்கொண்டே போனால் பல்லாயிரம் வருஷத்துக்கு எங்கேயும் அறுந்துபோகவில்லை. மலைகளை மூடுகிற அளவுக்குப் பூமியில் தண்ணீரே இல்லை. வலது பக்கம் நிரம்பி அடுத்த தாளுக்குப் போய்விட்டது.

அவருக்கு அது பயமாக இருந்தது. கூடத்தில் நின்று 'இல்லை' என்று சொன்னால் தம்பி திரும்பவும் அந்த நாற்காலிக்குப் போய்விடுவான். 'உண்டு' என்று சொன்னால் முப்பது வருஷம் கையெழுத்துப் போட்ட கை என்னாவது? ஒருநாள் தம்பியே வாயைத் திறந்து சொல்லிவிட்டான்.

"அண்ணா, அந்தத் தண்ணி சாமியோடதுன்னா எனக்கு ஒரு மாதிரி மூச்சு விட முடியுது. இல்லைன்னா நான்தான் அவளைக் கூட்டிட்டுப் போய் அங்க வச்சேன். அவ வேண்டாம்னு சொன்னா. நான் கேக்கல."

மண்தின்னி நோட்டை மூடி வைத்தார். எப்படியாவது உண்டு பக்கத்துக்கு வலுச் சேர்க்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு பண்ணினார். பதினேழாவது மீட்டர் வண்டல் கிடங்கில் இன்னும் இருக்கும். பழைய பெட்டிகளை எறியச் சொல்லி முதலாளி வருஷத்துக்கு ஒருமுறை கத்துவார், இவர் விடமாட்டார். அதில் கொஞ்சம் வெட்டி எடுத்துக் கூடத்துக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் தொட்டுப் பார்க்கக் கொடுக்கலாம். உலகத்துப் பிரளயம் இல்லாவிட்டாலும், பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கே ஒரு பெருவெள்ளம் வந்தது நிஜம் என்று சொல்லலாம். பொய்யில்லாமல் தம்பிக்குக் கொடுக்க அது ஒன்றுதான் அவரிடம் இருந்தது.

கிடங்கு தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. மதிய வேளை, வெக்கை. அந்தத் துளைக்கு நாலு பெட்டி. '15–20' என்று மூடியில் எழுதிய பெட்டியை இறக்கித் திறந்தார். மண் காய்ந்து சுருங்கித் துண்டுதுண்டாக வெடித்திருந்தது. மூன்றாவது பள்ளத்தின் ஆரம்பத்தில் வண்டல். ஒரு துண்டைக் கையில் எடுத்ததும் இரண்டாகப் பிளந்தது. உள்ளே ஒரு பொத்தான் இருந்தது.

நாலு துளையுள்ள சட்டைப் பொத்தான். பிளாஸ்டிக். ஒரு துளையில் நூல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

முதலில் அவர் யாருடைய சட்டையிலிருந்தோ பெட்டிக்குள் விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தார். ஆனால் பொத்தானின் அச்சு இரண்டு பாதி மண்ணிலும் பதிந்திருந்தது. மண் படிந்தபோதே அது அங்கே இருந்திருக்கிறது. பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் பொத்தான் ஏது? பிறகு முதல் பள்ளத்தைப் பார்த்தார். முடிபோல மெல்லிய வேர்கள், புல்வேர்கள். பதினைந்து மீட்டருக்குக் கீழே புல் வேர்விடாது. '0–5' என்று எழுதிய பெட்டியைத் திறந்தார். உள்ளே நீலக் களி, அடர்ந்து இறுகியது, நடுநடுவே கடல் சிப்பிகள். ஆற்றங்கரையில் தரைமட்டத்தில் கடல் சிப்பி எப்படி வரும்? பெட்டிகளின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்தார். அங்கே எதுவுமே எழுதியிருக்கவில்லை.

அப்போதுதான் அந்த நாள் திரும்பி வந்தது. துளை போட்டு முடித்ததும் மழை பிடித்துக்கொண்டது. பெட்டிகள் நனைந்துவிட்டன, ஈர மரத்தில் பெயிண்ட் ஒட்டவில்லை. மூடி மட்டும் தார்ப்பாய்க்குள் காய்ந்திருந்தது, அதனால் மூடியில் மட்டும் எழுதினார். நாளைக்குப் பக்கவாட்டில் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அவசர அவசரமாக மூடிகளை வைத்துக் கட்டி லாரியில் ஏற்றினார்கள். முதல் பெட்டி மூடி நாலாவதுக்கும், நாலாவது மூடி முதலாவதுக்கும் போய்விட்டது. நனைந்ததில் அவருக்குக் காய்ச்சல். மறுநாள் கிடங்கில் பாதி மயக்கத்தில் உட்கார்ந்து எழுதினார். வேரைப் பார்த்தார், பார்க்காமல் இல்லை. பழங்காலத்து மட்கிய தாவரம் என்று எழுதினார். சிப்பியைப் பார்த்தார். யாரோ கொட்டிய மண் என்று எழுதினார். மூடி சொன்னதை நம்பி, கண் சொன்னதற்கு ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். கடித்தும் பார்த்திருப்பார். வண்டலா களியா என்று பல்லுக்குத் தெரியும், எந்த ஆழம் என்று தெரியாது.

ஆக, அந்த வண்டல் இரண்டாவது மீட்டர். தரைக்கு அடியில் ஓர் ஆள் உயரம். ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன்னால் ஆறு அங்கே ஏறியிருக்கிறது. அன்றைக்கும் ஒருவர் சட்டை போட்டுக்கொண்டு அதன் வழியில் நின்றிருக்கிறார். வெள்ளத்தின் தடயம் இல்லை என்று எழுதிய அறிக்கை தலைகீழ். அந்த அறிக்கையை நம்பித்தான் குடியிருப்பு, தம்பியின் வீடு, அவள், குழந்தை. மண்தின்னி கிடங்குத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். தகரத்துக்கு மேலே காகங்கள் நடக்கும் சத்தம் கேட்டது. அதற்கு அடியில், ஆறு அங்கிருந்து மூன்று மைல் என்று தெரிந்திருந்தும், அவருக்குத் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. இந்த முறை அவர் அதை மோட்டார் என்று நினைக்கவில்லை.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. தம்பி வருவான், மேசையில் உட்காருவான், "இன்னிக்கு என்ன ஒண்ணும் பேச மாட்டேங்கற? தோத்துட்டியா?" என்று சீண்டுவான். மண்தின்னி சிரிக்க முயற்சி பண்ணுவார். சொல்லாமல் விட்டால் என்ன என்றும் நினைத்தார். சத்தியமாக நினைத்தார். பெட்டிகளை முதலாளி சொன்னபடி ஒரு பள்ளத்தில் கொட்டிவிட்டால் முடிந்தது. தம்பி தெளிந்துகொண்டு வருகிறான். இரண்டு பேரும் திரும்பி வரப்போவதில்லை. பொத்தானைச் சட்டைப்பையில் போட்டிருந்தார், எடுத்து எறியவும் முடியவில்லை.

நாலாம் நாள் மனைவி சொம்போடு நிற்கவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"உங்க முகம் சரியில்ல. என்ன பண்ணிட்டு வந்தீங்க?"

சொன்னார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அழுவாள் என்று எதிர்பார்த்தார்.

"அந்தப் பொண்ணு சொன்னப்போ நானும்தான் சிரிச்சேன்" என்றாள். "நீங்க சொல்லலைன்னா தினம் அவன் தட்டுல நான் எப்படிப் பரிமாறுவேன்? போங்க. இன்னிக்கே போங்க."

தம்பி வீட்டில்தான் இருந்தான், அன்றைக்கு அவனுக்கு ஓய்வு நாள். ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. ஒரு பக்கச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். மண்தின்னிக்குக் கால் வாசலிலேயே நின்றுவிட்டது. சேற்றைக் கழுவியதற்குப் பிறகு, நாலு வருஷத்தில் அவன் அந்தச் சுவரைத் தொடுவது இதுதான் முதல் தடவை.

"வாண்ணா. கூடத்துலேர்ந்து நாலு பேர் வீட்டுக்கு வரேன்னாங்க. பார்க்க நல்லா இல்லையேன்னு அடிக்கிறேன்."

"அதைக் கீழ வை. உக்காரு."

மூடி, மழை, காய்ச்சல், வேர், சிப்பி, பொத்தான், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். ஒன்றையும் மெழுகவில்லை. சுண்ணாம்பு மட்டை தம்பி கையிலேயே இருந்தது, தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்போ அவ சொன்னது சரி" என்றான்.

"சரி."

"நான் அவளைத் திட்டினேன். அண்ணனே சொல்லிட்டாருன்னு திட்டினேன்."

"தெரியும்டா."

"மூணு வருஷத்துக்கு மேல நான்தான் கொன்னேன்னு நினைச்சேன். அப்புறம் சாமி வந்து, இல்லடா, தண்ணி என்னுதுன்னு சொன்னாரு. இறக்கி வச்சேன். இப்ப நீ வந்து, அது என்னுதுங்கற." அவன் குரல் உயரவே இல்லை. "உன்னை நான் என்ன பண்ணணும்? அடிக்கணுமா? எனக்குத் தெரியல. அப்பா மாதிரி நினைச்ச ஆளை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல."

மண்தின்னி தலை குனிந்து நின்றார். மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தார். தம்பி கையைக் காட்டி நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தான். அடுத்த வீட்டுக் கொடியில் குழந்தைத் துணி காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளத்துக்குப் பிறகு அந்த வீட்டைக் கழுவி, பெயிண்ட் அடித்து, புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடிக்கு விற்றிருந்தார்கள்.

"அவங்க பத்திரத்துலயும் உன் தாள்தான் இருக்கு" என்றான். "வாங்கறதுக்கு முன்னால என்கிட்ட வந்து கேட்டாங்க. வந்தது ஆயிரம் வருஷத்துக்கு ஒருதடவை வர்ற வெள்ளம், இனிமே வராது, அண்ணன் எழுதியிருக்கார்னு நான்தான் சொன்னேன்." ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல், "கூடத்துல வந்து பேசு. பிரளயம் வேண்டாம், இதைப் பேசு. பாதிப் பேர் இங்க குடியிருக்கறவங்கதான்" என்றான். பிறகு திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டான். மண்தின்னி வெளியே வந்தார்.

அந்த விடுமுறை நாளில் கூடத்தில் அறுபது நாற்காலிக்கு மேல் நிறைந்திருந்தது. செருப்புக்கடைக்காரர் பிரளயத்தின் கடைசிப் பகுதியை வாசித்தார். தண்ணீர் வடிந்தது, படகு தரைதட்டியது, இனி ஒருபோதும் தண்ணீரால் அழிக்கமாட்டேன் என்று கடவுள் வாக்குக் கொடுத்தார். வாசித்துவிட்டு, "இப்ப மண் சாட்சி சொல்லப்போகுது" என்று பெருமையோடு அவரை முன்னால் அழைத்தார். தம்பி கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தான்.

மண்தின்னி நோட்டைத் திறந்து இரண்டு பக்கத்தையும் வாசித்தார். உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் மூழ்கியதற்குத் தன் தொழிலில் ஆதாரம் பார்த்ததில்லை என்றும், அங்கங்கே தண்ணீர் வந்து ஊர்களைக் கொண்டுபோனதற்கு எத்தனையோ ஆதாரம் இருக்கிறது என்றும், அப்படிப் பிழைத்தவர்கள் சொன்ன கதையைப் பொய் என்று தான் சொல்லமாட்டேன் என்றும் சொன்னார். அதுவரை எல்லோரும் நிம்மதியாகக் கேட்டார்கள். பிறகு மூடி மாறியதைச் சொன்னார். பொத்தானை எடுத்து மேசைமேல் வைத்தார். தன் தம்பி மனைவியையும் மகளையும் சொன்னார்.

 செருப்புக்கடைக்காரர் வேதப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒரு பெண் மட்டும் எழுந்து, "அப்போ எங்ககிட்ட இருக்கிற அறிக்கை?" என்று கேட்டாள்.

"தப்பு. நான் எழுதினதுதான். தப்பு."

அவள் உட்காரவில்லை. புருஷனைப் பார்த்தாள், அவன் செருப்புக்கடைக்காரரைப் பார்த்தான். "அதான் வந்து போயிடுச்சே, வாக்குத்தான் குடுத்திருக்காரே" என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஒன்றிரண்டு பேர் அதற்குத் தலையாட்டினார்கள். அவர்கள் அதில் சாய்ந்துகொள்ளத் தயாராகிவிட்டதை மண்தின்னி பார்த்தார். சாய்ந்துகொள்வது எவ்வளவு சுகம் என்று அவருக்குத் தெரியும்.

கடைசி வரிசையில் நாற்காலி நகர்ந்தது. தம்பி எழுந்து நின்றான். அவனுக்கு என்ன நடந்தது என்று தெரியாதவர் அந்தக் கூடத்தில் இல்லை. எல்லோரும் திரும்பினார்கள்.

"ஐயா" என்றான் மண்தின்னியைப் பார்த்து. பிறந்ததிலிருந்து அவன் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. "அந்தத் தண்ணி இங்க மறுபடியும் வருமா?"

அவனுக்குப் பதில் தெரியும். மற்றவர்களுக்காகத்தான் கேட்கிறான். தன்னிடம் மிச்சமிருந்த ஒரே ஆறுதலையும் அவர்களுக்காகத் தன் கையாலேயே எடுத்துப் போடுகிறான் என்று அண்ணனுக்குப் புரிந்தது. குரல் கடைசி வரிசைவரை கேட்கும்படி சொன்னார்.

"வரும்."

தம்பி தலையை ஆட்டினான். பிறகு அந்தக் குழந்தைக்காரியிடம் போய், அவள் நாற்காலிக்குக் கீழே இருந்த பையை எடுத்து, "வீட்டைக் காலி பண்ணிட்டுக் கிளம்பும்மா" என்று கையில் கொடுத்துவிட்டு, அண்ணனைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனான்.